ஐம்பத்திரண்டு கிலோ மீட்டர் எவ்வளவு தூரம்?

'காலமும் தூரமும்' கணக்குகள் பற்றி ஒரு திறனாய்வு

இராசிபுரத்துக்கு அண்மையில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை எனக்குக் கிடைத்தது. "சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள தூரம் 52 கி.மீ. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தில் சேலத்திலிருந்து நாமக்கல் செல்ல எவ்வளவு நேரமாகும்?" என்பது ஒரு வினா. ஏறக்குறைய எல்லா மாணவர்களும் 52-ஐ 40-ஆல் வகுத்து, 1 மணி 18 நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 1 மணி 18 நிமிடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள் எழுதியிருந்தாள். "பஸ்ஸுக்குக் காத்திருப்பது 30 நிமிடம். வழியில் நிற்பது 12 நிமிடம். ஆகவே இரண்டு மணி நேரம்." அந்த விடையின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியது. மதிப்பெண் இல்லை.

ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. விடைக் குறிப்பில் உள்ள விடைக்குத்தான் அவர் மதிப்பெண் தர முடியும். குறை வினாவில் இருக்கிறது. "பேருந்து எவ்வளவு நேரம் ஓடும்?" என்பது ஒரு கேள்வி, "நாமக்கல் செல்ல எவ்வளவு நேரமாகும்?" என்பது வேறொரு கேள்வி. நம் கணக்குப் புத்தகங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, முதற் கேள்வியின் விடையை எதிர்பார்க்கின்றன. அம்மாணவி கேட்ட கேள்விக்கு விடை எழுதினாள், அதனால் தோற்றாள்.

இச்சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். பள்ளிப் புத்தகங்களில் 'காலமும் தூரமும்' என்ற தலைப்பில் வரும் கணக்குகளையும், அதே சிந்தனையில் எழும் மைல்கல், கால அட்டவணை, திட்ட வரைபடம் ஆகியவற்றையும் சேலம்-நாமக்கல் சமவெளியில் நின்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் அதன் சிறப்பு

தூரம் என்பது வேகத்தை நேரத்தால் பெருக்கக் கிடைப்பது என்ற விதி அறிவியலின் அடிப்படைகளுள் ஒன்று. கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி ஆராய்ந்த காலம் முதல் இன்று விண்கலங்களின் பாதையைக் கணிக்கும் காலம் வரை இந்த விதி நமக்குத் துணை நிற்கிறது. உலகின் சிக்கல்களை ஒதுக்கி வைத்து, ஒரே சீரான வேகத்தில் ஓடும் ஒரு பேருந்தைக் கற்பனை செய்துகொள்வது தவறன்று. எளிமைப்படுத்தாமல் அறிவியல் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

ஆனால் எளிமைப்படுத்துகிறவர் எதை ஒதுக்கினோம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒதுக்கியதைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கவும் வேண்டும். இயற்பியல் ஆசிரியர் 'காற்றின் தடையைப் புறக்கணிப்போம்' என்று சொல்லித்தான் விழும் கல்லின் கணக்கைத் தொடங்குகிறார். நம் பேருந்துக் கணக்குகளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் சீரான வேகத்தில் புறப்பட்ட பேருந்து பத்தாம் வகுப்பு வரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒருவர் ஏறியதும் இல்லை. ஒருவர் இறங்கியதும் இல்லை.

தூரம் என்பது எது?

52 கி.மீ. என்ற எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். இது எங்கிருந்து எங்கே வரை?

சேலம் நகரம் ஏறத்தாழ 11 டிகிரி 39 நிமிட வட அட்சத்தில் உள்ளது. நாமக்கல் ஏறத்தாழ 11 டிகிரி 13 நிமிடத்தில் உள்ளது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், அதாவது 78 டிகிரி 10 நிமிடக் கிழக்கை ஒட்டி அமைந்திருப்பது மாணவர்களுக்குக் கிடைத்த நற்பேறு. இரண்டு ஊர்களும் நேர் வடக்குத் தெற்காக இருப்பதால், நேர்கோட்டுத் தூரத்தைக் காண முக்கோணவியல் தேவையில்லை. அட்ச வேறுபாடு 26 நிமிடம். நம் பகுதியில் ஒரு நிமிட அட்சம் ஏறத்தாழ 1.84 கி.மீ. இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 48 கி.மீ. கிடைக்கிறது. பறவை பறக்கும் தூரம் இதுதான்.

ஒரு நிமிட அட்சம் இவ்வளவு நீளம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதிலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து வில்லியம் லாம்டன் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்து, கோணங்களைத் தியோடலைட் கருவியால் கண்டு, மற்றப் பக்கங்களைக் கணக்கிடும் முறை அது. அவ்வளவையின் முதுகெலும்பாகிய 'பெரும் வில்' 78 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கே குமரிமுனை வரை சென்றது. லாம்டன் 1823-இல் இறந்த பின் எவரெஸ்ட் அதை வடக்கே இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி அட்சம் சற்றுக் குறுகியும், துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லச் சற்று நீண்டும் இருப்பதை இத்தகைய அளவைகளே உறுதிப்படுத்தின. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் நாம் பறவைகள் அல்லோம். நம் பேருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாகச் செல்கிறது. இராசிபுரம் ஊருக்குள் நுழைந்து செல்லும் பேருந்துகளுக்குத் தூரம் சற்றுக் கூடும். இனி, புறப்படும் இடம் எது? சேலத்தில் பழைய பேருந்து நிலையம் ஒன்று, புதிய பேருந்து நிலையம் ஒன்று. இரயில் ஏற வேண்டுமானால் சூரமங்கலத்தில் உள்ள சந்திப்புக்குச் செல்ல வேண்டும். அது பழைய நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோ மீட்டர். நாமக்கல்லில் கோட்டை மலைக்கு அருகே இருந்த பேருந்து நிலையத்தோடு, 2024-இல் முதலைப்பட்டியில் புதிய நிலையமும் வந்தது. ஒரு நிலையம் இடம் மாறினால் ஊர் நகர்வதில்லை; ஆனால் ஊருக்கு உள்ள தூரம் மாறிவிடுகிறது. எனவே 50 முதல் 55 கி.மீ. வரை எந்த எண்ணையும் ஒருவர் சொல்லலாம். எவரும் பொய் சொன்னவர் ஆகமாட்டார். 52 என்பது ஒரு வசதிக்கான எண். நாமும் வசதிக்காகவே அதைப் பின்பற்றுவோம்.

சமவெளியும் மலையும்

சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைச் 'சுற்று விகிதம்' என்று அழைக்கலாம். சேலம்-நாமக்கல் சாலைக்கு இது 52-இன் கீழ் 48, அதாவது ஏறத்தாழ 1.1. சமவெளிச் சாலைக்கு இது மிக நல்ல விகிதம்.

இப்போது சேலத்திலிருந்து வடக்கே திரும்புவோம். ஏற்காடு நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. சாலையிலோ ஏறத்தாழ 30 கி.மீ. விகிதம் 2. காரணம் வெளிப்படை. சேலத்தை விட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நேராக ஏற முடியாது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். உயரத்தை வாங்குவதற்கு நாம் நீளத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

உலகின் மறுபுறத்திலும் இதே பாடம்தான். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகர் சான்டியாகோவிற்கும் அர்ஜெண்டினாவின் மென்டோசா நகரத்திற்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 180 கி.மீ. சாலைத் தூரமோ ஏறத்தாழ 360 கி.மீ. இங்கும் விகிதம் 2. இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கிறது. ஆசியாவிற்கு வெளியே உலகின் மிக உயர்ந்த சிகரமான அக்கன்காகுவா, 6,961 மீட்டர் உயரத்துடன், இச்சாலைக்கு அருகிலேயே உள்ளது. சாலை 3,000 மீட்டருக்கு மேல் ஏறி, ஒரு சுரங்கத்தின் வழியே எல்லையைக் கடக்கிறது. குளிர்காலத்தில் பனி மூடினால் சாலை அடைக்கப்படும். எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையும் சுங்கச் சோதனையும் உண்டு. விமானம் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும் இடைவெளிக்குப் பேருந்து நல்ல நாளிலேயே ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 360-ஐ 60-ஆல் வகுத்து 'ஆறு மணி நேரம்' என்று விடை எழுதிய மாணவன், பனி பெய்யும் நாளில் மலையடிவாரத்தில் படுத்து உறங்க வேண்டியிருக்கும்.

நம் கொல்லிமலையில் பனி இல்லை. எல்லைச் சோதனையும் இல்லை. ஆனால் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாமக்கல்லில் நின்று பார்த்தால் கண்ணெதிரே தெரியும் மலை அது. அங்கே பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்கு நாமக்கல் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோ மீட்டரில் விடை சொல்வது பொருந்தாது. மணியில்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான அரசின் அளவுகோல், சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒன்று என்றும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 20,000 மக்களுக்கு ஒன்று என்றும் கூறுகிறது. மலையில் மக்கள் சிதறி வாழ்கிறார்கள். கிலோ மீட்டரும் அங்கே நீளமானது. இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது. நம் கணக்குப் புத்தகங்கள் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சராசரி என்னும் பொறி

வேகத்திற்கு வருவோம். ஒரு லாரி சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காலியாகச் சென்று, சுமையோடு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? பலர் தயங்காமல் 50 என்பார்கள். போக 52 நிமிடம், வர 78 நிமிடம், மொத்தம் 130 நிமிடம். கடந்த தூரம் 104 கி.மீ. வகுத்துப் பார்த்தால் சராசரி 48. லாரி குறைந்த வேகத்தில்தான் அதிக நேரம் ஓடியது. எனவே சராசரியும் குறைந்த வேகத்தின் பக்கமே சாய்கிறது.

இது புத்தகத்திலேயே உள்ள கணக்குதான். ஆனால் அதன் உட்பொருளைப் புத்தகம் எடுத்துச் சொல்வதில்லை. அந்த உட்பொருள் உயிர் காக்கக் கூடியது. எப்படி என்று பார்ப்போம்.

பேருந்துப் பயணத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்வோம். சேலம் நகருக்குள் 6 கி.மீ., மணிக்கு 20 கி.மீ. வேகம், ஆகவே 18 நிமிடம். நெடுஞ்சாலையில் 40 கி.மீ., மணிக்கு 60 கி.மீ. வேகம், ஆகவே 40 நிமிடம். நாமக்கல் எல்லையில் 6 கி.மீ., மணிக்கு 24 கி.மீ. வேகம், ஆகவே 15 நிமிடம். மொத்தம் 73 நிமிடம். இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்களே. வாசகர்கள் தங்கள் ஊர் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

இப்போது ஓட்டுநர் அவசரப்படுகிறார். நெடுஞ்சாலையில் வேகத்தை 60-லிருந்து 80-க்கு உயர்த்துகிறார். 40 கி.மீ. தூரம் 30 நிமிடத்தில் முடிகிறது. மொத்த நேரம் 63 நிமிடம். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டியும், மிச்சமான நேரம் ஏழில் ஒரு பங்கே, அதாவது பத்து நிமிடமே. ஆனால் ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது 9-க்கு 16 என்ற விகிதத்தில், அதாவது ஏறக்குறைய 78 சதவீதம் கூடிவிடுகிறது. பிரேக் போட்ட பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் அதே விகிதத்தில் கூடும். பத்து நிமிடத்திற்கு நாம் கொடுக்கும் விலை இது.

நகரப் பகுதியின் 12 கிலோ மீட்டரில் இப்போது 33 நிமிடம் செலவாகிறது. அங்கே சாலைச் சந்திப்புகளைச் சீராக்கி, வேகத்தை மணிக்கு 30 கி.மீ. ஆக்கினால் 24 நிமிடம் போதும். 9 நிமிடம் மிச்சம். உயிருக்கு ஆபத்தான 80-இல் கிடைப்பதும், மிதிவண்டிக்காரரும் அஞ்சத் தேவையில்லாத 30-இல் கிடைப்பதும் ஏறக்குறைய ஒன்றே! நேரம் இழக்கப்படுவது மெதுவான இடத்தில். அதைத் தேட வேண்டியதும் அங்கேதான். இந்த ஒரு கருத்தை எட்டாம் வகுப்பு மாணவன் மனத்தில் பதிய வைத்தால், பத்தாண்டு கழித்து அவன் வண்டி ஓட்டும்போது அது நினைவுக்கு வரக்கூடும். கணக்குப் பாடத்தால் இதைவிடப் பெரிய பயன் வேறு என்ன இருக்க முடியும்?

சக்கரம் சுழலாத நேரம்

அம்மாணவி எழுதிய '30 நிமிடம் காத்திருப்பு' என்பதையும் ஆராய வேண்டும். காத்திருத்தலும் கணக்கிற்கு உட்பட்டதே.

ஒரு நிறுத்தத்திற்கு மணிக்கு 6 பேருந்துகள் வருவதாகக் கொள்வோம். சரியாகப் பத்து நிமிடத்திற்கு ஒன்று என வந்தால், எந்த நேரத்திலேனும் வந்து நிற்கும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 பேருந்துகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டிரண்டாக வந்தால், இடைவெளி 20 நிமிடம் ஆகிறது. சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் ஆகிறது. பேருந்துகளின் எண்ணிக்கை குறையவில்லை. கால அட்டவணைப் பலகையில் 'மணிக்கு 6' என்பது மெய்தான். பயணியின் நேரமோ இருமடங்கு வீணாகிறது. ஒன்றுமே வராமல் நின்று, பிறகு இரண்டு சேர்ந்து வருவதைக் கண்டு அலுத்துக்கொள்ளும் கிராமத்துப் பெரியவர் தம்மை அறியாமலேயே நிகழ்தகவு பற்றிப் பேசுகிறார்.

இரயிலையும் எடுத்துக்கொள்வோம். நாமக்கல் வழியாகச் சேலத்தையும் கரூரையும் இணைக்கும் 85 கி.மீ. இருப்புப் பாதை 2013-ஆம் ஆண்டு பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் சேலத்திலிருந்து கரூருக்கு இரயிலில் செல்ல விரும்பியவர் ஈரோடு சுற்றி ஏறத்தாழ 125 கி.மீ. பயணம் செய்ய வேண்டியிருந்தது. மோகனூர் அருகே காவிரியின் மேல் எழுந்த பாலம் இரண்டு ஊர்களையும் 40 கி.மீ. நெருங்கி வரச் செய்தது. நாமக்கல் நகரத்திற்கோ அதுவே முதல் இரயில். இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சேலம் பழைய பேருந்து நிலையத்தின் அருகே வாழும் ஒருவர் இரயிலில் நாமக்கல் செல்வதாகக் கொள்வோம். சூரமங்கலம் செல்ல 20 நிமிடம், வண்டிக்கு முன்னதாகச் சென்று நிற்க 15 நிமிடம், ஓட்டம் 50 நிமிடம், இறங்கி ஊருக்குள் வர 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 95 நிமிடம். பேருந்தின் 73 நிமிடத்தோடு 5 நிமிடக் காத்திருப்பைக் கூட்டினால் 78 நிமிடம். சூரமங்கலத்திலேயே குடியிருப்பவருக்கோ 20 நிமிடம் கழிந்துவிடும். இரயிலில் 75 நிமிடம் போதும். ஆக, இரயில் வேகமானதா, பேருந்து வேகமானதா என்ற கேள்விக்கு, 'யாருக்கு?' என்று கேட்காமல் விடை சொல்ல இயலாது. நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடும் பாதையில், 'எந்த நேரத்தில்?' என்றும் கேட்க வேண்டும்.

சாலையின் இரு கரைகள்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். தேசிய நெடுஞ்சாலை எண் 7 என்று நாம் பழகியிருந்த சாலை, 2010-ஆம் ஆண்டு எண்கள் மாற்றப்பட்ட பின் எண் 44 ஆயிற்று. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் அச்சாலை நம் சமவெளியை வடக்குத் தெற்காகக் கடக்கிறது. நான்கு வழிச் சாலையாக அது அகன்ற பின், சேலமும் நாமக்கல்லும் நேரக் கணக்கில் நெருங்கி வந்தன. முட்டை ஏற்றிய லாரிக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும், நோயாளியை ஏற்றிய 108 வண்டிக்கும் அது நன்மையே செய்தது.

ஆனால் அச்சாலை ஓர் இடைவெளியைக் குறைத்தபோது இன்னோர் இடைவெளியைக் கூட்டியது. சாலையின் மேற்கே ஒரு சிற்றூர், கிழக்கே அதன் பள்ளி என்று கொள்வோம். இரண்டுக்கும் இடையே 300 மீட்டர். குழந்தை நடந்தால் ஐந்து நிமிடத்திற்குள் சென்றுவிடலாம். நடுவே தடுப்புச் சுவருடன் நான்கு வழிச் சாலை வருகிறது. சுரங்கப் பாதை 700 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே சென்று, கடந்து, திரும்பி வர 700, 300, 700 ஆக 1,700 மீட்டர். மணிக்கு 4 கி.மீ. நடக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய 25 நிமிடம். சுற்று விகிதம் ஐந்தரைக்கு மேல்! ஆண்டீஸ் மலைத்தொடரே இரண்டு மடங்கோடு நின்றுவிட்டது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத தடுப்புச் சுவர் ஐந்தரை மடங்கு கேட்கிறது. அந்தக் குழந்தை என்ன செய்யும்? சுவரைத் தாண்டிக் குதிக்கும். 'பொறுப்பற்ற பாதசாரி' என்று பிறகு நாம் எழுதுவோம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகள், தொடக்கப் பள்ளி 1 கி.மீ. நடைதூரத்திலும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கி.மீ. நடைதூரத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. 'நடைதூரம்' என்ற சொல் மிகச் சரியான சொல். ஆனால் வரைபடத்தின் மேல் காம்பஸை ஊன்றி வட்டம் வரைகிறவர் அச்சொல்லை மறந்துவிடுகிறார். வட்டத்திற்குள் இருக்கும் குழந்தைக்குப் பள்ளி கிட்டத்தில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்கிறார். அவர் பள்ளியில் படித்த 'காலமும் தூரமும்' அவருக்கு அவ்வளவுதான் கற்றுக் கொடுத்தது. புத்தகத்தில் உள்ள குறை புத்தகத்தோடு நிற்பதில்லை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய கல் சொல்லும் பாடம்

நம் முன்னோர் இவ்வகையில் எப்படி எண்ணினார்கள்? 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழி என்னும் பழைய நெடுஞ்சாலைக்குரிய தூரக் கற்கள் கிடைத்துள்ளன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அவற்றுள் ஒன்று, நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எண்ணை எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், கல்லில் குழிகளையும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. எழுத்தறியாத வழிப்போக்கனும் விரலால் தடவி, இருபத்தொன்பது என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டிலும் படிக்கலாம். படிப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்துச் செதுக்கிய கல் அது.

நம் பேச்சு வழக்கையும் பாருங்கள். 'கூப்பிடு தூரம்' என்கிறோம். அது குரல் எட்டும் தூரம். 'ஒரு நாழிகை வழி' என்றார்கள் பெரியவர்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். மணிக்கு 5 கி.மீ. நடந்தால் அது 2 கி.மீ. ஆகும். மேட்டு நிலத்தில் அதே நாழிகைக்கு வழி குறையும். தூரத்தை நேரத்தால் சொல்வது துல்லியம் இல்லாத பழக்கம் என்று நாம் எண்ணலாம். நில அளவைக்கு அது உதவாது என்பது உண்மை; அதனால்தான் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொண்டு வந்து நாடெங்கும் ஒரே கோலைத் தந்தது. ஆனால் வழிப்போக்கனுக்கு வேண்டியது 'எப்போது போய்ச் சேருவேன்?' என்பதற்கான விடை. நாழிகை வழி அந்த விடையைத் தந்தது. இன்று செல்பேசி வரைபடம் சாலையில் ஓடும் வண்டிகளின் வேகத்தைத் திரட்டி, தூரத்தோடு நிமிடத்தையும் சொல்கிறது. ஒரு வகையில் அது நாழிகை வழிக்குத் திரும்புவதே. ஆனால் அதுவும் காரில் செல்பவரின் நேரத்தையே முதலில் காட்டுகிறது. காத்து நிற்பவரின் நேரத்தை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

செய்யக் கூடியவை

குறை கூறுவதோடு நிறுத்துவது முறையாகாது. பாடநூல் எழுதுவோருக்கு நான் முன்வைக்கும் கருத்துகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு கணக்கிலும் எதைப் புறக்கணித்தோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டாவது, சீரான வேகக் கணக்குகளை அடுத்து, காத்திருத்தல், நிறுத்தம், வழிமாற்றம் ஆகியவற்றைச் சேர்த்த கணக்குகள் சிலவேனும் வர வேண்டும். வேண்டுவன கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. புதிய கணிதம் எதுவும் தேவையில்லை. மூன்றாவது, ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதப்படும் கணக்குகளை விட்டு, அந்தந்த ஊரின் உண்மை எண்களை மாணவர்களே திரட்டிச் செய்யும் கணக்குகள் இடம்பெற வேண்டும்.

மாணவர்கள் பாடநூல் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், நிறுத்தத்தை அடைந்த நேரம், பேருந்து வந்த நேரம், இறங்கிய நேரம், பள்ளி வாயிலை அடைந்த நேரம் ஆகிய ஐந்தை மட்டும் நாள்தோறும் எழுதுங்கள். வார முடிவில் எந்தப் பகுதி அதிக நேரத்தை விழுங்குகிறது, எந்தப் பகுதி நாளுக்கு நாள் அதிகம் மாறுகிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோட்டுத் தூரத்தை வரைபடத்தில் அளந்து, நடக்கும் தூரத்தை அதனால் வகுத்து, உங்கள் சுற்று விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். வகுப்பில் எல்லாருடைய விகிதத்தையும் ஒரே அட்டவணையில் எழுதினால், யாருடைய விகிதம் மூன்றுக்கு மேல் இருக்கிறது, அவர் வீட்டிற்கும் பள்ளிக்கும் நடுவே என்ன நிற்கிறது என்பது தானே வெளிப்படும். அந்த அட்டவணையைத் தலைமையாசிரியர் வழியே ஊராட்சிக்குக் கொடுங்கள். ஒரு பாலம் எங்கே வேண்டும், ஒரு நிறுத்தம் எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல விண்ணப்பம் இருக்க முடியாது.

இரண்டு மணி நேரம் என்று எழுதிய அம்மாணவி இந்தச் சோதனையின் முதற் பகுதியை ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள். நாள்தோறும் பேருந்தில் வந்த அனுபவத்தை எண்ணாக மாற்றி, விடைத்தாளில் எழுதியிருந்தாள். அவ்வளவுக்கும் இடம் கொடுக்கும் வினாக்களை நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.